நூற்று அறுபத்தெட்டு மணி நேரம்

இருபத்திரண்டு போயாச்சு. இன்னும் எட்டுப் பேரு தாண்டுனா முப்பத்தொண்ணு, அது நான். ஹெப்சிபா மேடம் மத்தவங்கள மாதிரி இல்ல, ரெக்கார்டு நோட்டக் கையில வாங்குனா முதல் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரை ஒண்ணு விடாமப் புரட்டிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க, நடுவுல எங்கயாவது நிறுத்தி ஒரு கேள்வி, பதில் வரலன்னா ஒரு பார்வை, அதுக்கு ரெண்டு அடியே வாங்கிரலாம். ஆளுக்கு அஞ்சு நிமிஷம்னு வச்சாலும் எட்டஞ்சு நாப்பது, இப்போ மணி பதினொன்னே முக்கால், பன்னெண்டு இருபத்தஞ்சுக்கு என் முறை வரும், ஆபீஸ்ல ஒரு மணிக்கு அடைச்சிருவாங்க, லேப்புலருந்து ஆபீஸுக்கு ஓடுனா நாலு நிமிஷம். நேரம் இருக்கு.  நோட்டுக்கு அடியில அந்த ஃபார்ம் இருக்கு, வேர்வக் கை பட்டு ஓரம் நனைஞ்சிருக்கும். காலை ஷிப்டுல பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, மத்தியான ஷிப்டுல பி.ஏ. ஹிஸ்டரி, ரெண்டும் மூணு வருஷம், ரெண்டுக்கும் தனித்தனிப் பட்டம், ரெண்டையும் ஒரே ஆளு ஒரே நேரத்துல படிக்கலாம்னு எங்க காலேஜுல இந்த வருஷந்தான் ஆரம்பிச்சாங்க. முதல் செமஸ்டர் வெள்ளோட்டம். அது முடியுதப்போ ரெண்டு டிபார்ட்மெண்டுத் தலையும் இந்தப் பிள்ள தாங்கும்னு கையெழுத்துப் போட்டாத்தான் ரெண்டும் தொடரும், இல்லன்னா மத்தியானம் எடுத்தது தானா ரத்து. ஹிஸ்டரி சங்கரபாண்டியன் சார் நேத்தே போட்டுட்டாரு. மேடம் மட்டும் பாக்கி. இன்னிக்குத்தான் கடைசி நாள். அந்தக் கையெழுத்து எனக்கு வேணுமா வேண்டாமான்னு எனக்கே சரியாத் தெரியல, அதான் விஷயம்.

"ஏட்டி ஆவுடை, ஏன் இப்படி முழிச்சிட்டு நிக்க?" பானு பின்னால இருந்து முதுகுல நோட்டால ஒரு தட்டு தட்டுதா. அவ முப்பத்திரண்டு. மேலப்பாளையத்துக்காரி, பத்து நிமிஷத்துல வீட்டுக்குப் போயி மீன்குழம்பு ஊத்திச் சாப்பிட்டுட்டு ஒரு தூக்கமும் போட்டுருவா, அவளுக்கென்ன. ஒண்ணுமில்லட்டிங்கேன். "ஒண்ணுமில்லையா, மூஞ்சியப் பாரு, பேயறைஞ்சவ கணக்கா. அந்த ஹிஸ்டரியத் தூக்கிக் கடாசிட்டு நிம்மதியா இருப்பியா, சும்மா இருக்க மாட்டாம." சும்மா இருக்க மாட்டாம. எல்லாரும் இதத்தான் சொல்லுதாங்க. சித்தப்பா பஸ் ஸ்டாப்புல வச்சு நாலு பேரு முன்னாடி, "கெமிஸ்ட்ரி படிச்சா கம்பெனிக்குப் போவா, ஹிஸ்டரி படிச்சு எந்த ராசாவுக்குப் பொண்டாட்டியாப் போகப் போறா"ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சேன்? ஜூலை மாசம் மழைக்கு ஒதுங்கி மேல மாடியேறி ஹிஸ்டரி ரூம் ஜன்னல் ஓரமா நின்னப்போ சார் உள்ள நின்னு கொற்கையில முன்னால கடல் எங்க இருந்துச்சு, இப்போ எங்க இருக்குன்னு போர்டுல ரெண்டு கோடு போட்டாரு, நடுவுல ஒரு கோடு போடப் போனவரு கையை எடுத்துட்டு, "இந்த இடத்துல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியல, யாருக்குமே முழுசாத் தெரியல"ன்னாரு. தெரியலன்னு சொல்லுத வாத்தியார நான் அன்னிக்குத்தான் பாத்தேன். அவருக்கு அதுல ஒரு வெக்கமும் இல்ல. மழை நின்ன பொறவும் நான் போகல. அடுத்த வாரம் பேரு குடுத்துட்டேன். இதப் போயி சித்தப்பாகிட்ட பஸ் ஸ்டாப்புல சொல்ல முடியுமா?

இருபத்திநாலு எந்திரிச்சுப் போறா. யாரோ சிங்குல பியூரெட்டக் கழுவுதா, தண்ணி விழுத சத்தம், அமோனியா நாத்தம் மூக்குக்குள்ளயே உக்காந்திருக்கு. ஃபார்முக்குப் பின்னால ஒரு தாளு சேத்திருக்கேன், வாரத்துக்கு நூத்தி அறுபத்தெட்டு மணி நேரம், அத எப்படிச் செலவழிக்கேன்னு மாணவியே எழுதித் தரணுமாம். எழுதியிருக்கேன், அழகா, கட்டம் போட்டு. ரெண்டு ஷிப்டு வகுப்பு நாப்பத்திரண்டரை. பஸ்ஸு பன்னெண்டரை. தூக்கம் நாப்பத்தொம்பது. குளிக்க, சாப்பிட பதினாலு. கெமிஸ்ட்ரி படிக்க இருவது, ஹிஸ்டரி படிக்க இருவது, ரெக்கார்டும் அசைன்மெண்டும் எழுத பத்து. கூட்டுனா நூத்தி அறுபத்தெட்டு, சொட்டு கூடக் கொறையாது. கொறையுமா? நான் கீழருந்துல்லா மேல எழுதுனேன். டைட்ரேஷனுக்கு மூணு தடவை ஊத்தி மூணு தடவையும் ஒரே ரீடிங் வரணும், யாருக்கும் வராது, ஒண்ணு பத்தொம்பது புள்ளி நாலு வரும், ஒண்ணு இருவதத் தாண்டிரும், நாங்க பக்கத்து டேபிள்ள என்ன விடைன்னு கேட்டுட்டு பத்தொம்பது புள்ளி எட்டு, பத்தொம்பது புள்ளி எட்டு, பத்தொம்பது புள்ளி எட்டுன்னு எழுதி வச்சிருவோம். அதே கையி. வராந்தாவுல உக்காந்து முதல்ல நூத்தி அறுபத்தெட்டுன்னு அடியில எழுதிக் கோடு போட்டேன், பொறவு மேல போயி ஒவ்வொண்ணாப் பிச்சுப் பிச்சு வச்சேன். பஸ்ஸு பன்னெண்டரையாம். எங்க ஊரு முக்கூடல்லருந்து ஜங்ஷன், ஜங்ஷன்லருந்து பாளையங்கோட்டை, காலையில ஆறரைக்கு வீட்ட விட்டா எட்டு இருவதுக்கு கேட்டுல நிப்பேன், சாயங்காலம் அஞ்சே முக்காலுக்குக் கிளம்புனா வீடு போய்ச் சேர எட்டாவுது, வாரத்துக்கு இருவது மணி நேரம் பஸ்ஸுக்கே சரி. அந்த ஏழரை மணி நேரம் எங்க போச்சு? ஏழரைன்னு வந்துருக்கு பாரு எண்ணிக்கை, அதுவும் ஏழரை.

சரி, தூக்கத்துலருந்து எடுக்கலாம். எடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன். போன வியாழக்கெழம பஸ்ஸுல உக்காந்தபடியே தூங்கி ஸ்டாப்பத் தாண்டிட்டேன், கண்டக்டர் அண்ணன் எழுப்பி, "தாயி, இது உங்க வீடு இல்ல, இறங்கு"ன்னாரு. பஸ்ஸே சிரிச்சுது. அது பரவால்ல, சிரிச்சுட்டுப் போறாங்க. ஹிஸ்டரி டெஸ்டுல முதல் கேள்விக்குப் பதில் எழுதி முடிச்சுட்டு அடியில கோடு போட்டு, ரிசல்ட்டுன்னு எழுதி, கொடுக்கப்பட்ட கரைசலின் நிறைன்னு பாதி எழுதிட்டேன், கை தானா எழுதிருச்சு. சார் அதுக்கு மட்டும் சிவப்பு மையில ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாரு. கெமிஸ்ட்ரி இன்டர்னல்ல இருவத்தஞ்சுக்குப் பதினொண்ணு. பதினொண்ணு. பிளஸ் டூவுல நூத்துக்குத் தொண்ணூத்தேழு வாங்குனவ நான். இது இப்படியே போனா அரியர் விழும், ஒண்ணு விழுந்தா ரெண்டு விழும், மூணாவது வருஷம் எல்லாரும் கவுனு போட்டு போட்டோ எடுக்கையில நான் ரெண்டு ஷிப்டுலயும் அரியர் எழுதிட்டு நிப்பேன், ரெண்டு பட்டம் வாங்க வந்தவளுக்கு ஒண்ணும் இல்லன்னு ஆயிரும், சித்தப்பாவுக்கு ஆயுசு பூரா சிரிக்க ஒரு கதை கெடச்சிரும். அதவிட மோசம் ஆசிட்டு. போன மாசம் ஆசிட்டு பாட்டிலத் தூக்கிட்டு நிக்கேன், கண்ணுக்கு முன்னால டேபிள் ரெண்டாத் தெரிஞ்சுது, எந்த ஃபிளாஸ்க்குல ஊத்தணும்னு தெரியல, பானு எட்டி என் மணிக்கட்டப் பிடிச்சா. "கோட்டி பிடிச்சிருக்காட்டி உனக்கு"ன்னா. அவ பிடிக்கலன்னா யாரு கையில ஊத்தியிருப்பேன்? அவ கையிலதான்.  அப்போ விட்டுரு. விட்டுறேன். மேடத்துகிட்ட ஃபார்மக் குடுக்காம நோட்ட மட்டும் குடுத்துட்டு, மத்தியானம் பஸ் ஏறி வீட்டுக்குப் போயிரலாம், மூணு மணிக்குச் சோறு தின்னலாம். மூணு மணிக்கு அங்க மேல மாடியில சார் போர்டுல கோடு போட்டுட்டு இருப்பாரு, என் இடத்துல யாராவது பைய வச்சிருப்பாங்க. அய்யோ, மாட்டேன். அத நெனச்சா அழுகை வருது, என்ன எழவு மனசோ, விட்டாலும் அழுகை, வச்சாலும் அழுகை.

இருபத்தேழுகிட்ட மேடம் ஏதோ கேக்குதாங்க, அவ தரையப் பாத்துட்டு நிக்கா. சத்தம் கேக்கல. என்ன கேட்டுருப்பாங்க? என்கிட்டயும் அதத்தான் கேப்பாங்களா? நோட்டத் தொறந்து ஒரு தடவை பாத்துக்கலாம்னா கை வர மாட்டேங்குது. ஏன்னா இது நான் எழுதுன நோட்டு இல்ல. இந்தா, சொல்லிட்டேன், மனசுக்குள்ளதானே, யாருக்குக் கேக்கப் போகுது. பதினாலு எக்ஸ்பரிமெண்டுல முதல் ஒண்ணு மட்டுந்தான் நான், மிச்சம் பதிமூணும் எங்கம்மா. செப்டம்பர்ல எனக்குக் காய்ச்சல் வந்து மூணு எக்ஸ்பரிமெண்டு சேந்துபோச்சு, நான் நோட்ட நெஞ்சுல வச்சுட்டு அழுதேன், அம்மா பீடித் தட்டத் தள்ளி வச்சுட்டு வந்து, "குடுட்டி இங்க, பாத்து எழுததுக்குப் படிப்பா வேணும்"னா. லேப்புல எந்தச் சொட்டுக்கு எப்போ கலர் போச்சுன்னு வரைக்கும் நான் கிறுக்கி வச்ச ரஃப் நோட்டப் பாத்து அப்படியே ரெக்கார்டுல அழகா எழுதணும், அவ்வளவுதான். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், அர்த்தம் பாதி தெரியும். என் கையெழுத்துல ஜி எப்படி வளையுது, ஒய் எப்படி வாலு நீட்டுதுன்னு பழைய காலண்டர் தாளுப் பின்னால ஒரு நாள் பூரா எழுதிப் பழகுனா. மூணு மணிக்குள்ள பீடிய முடிச்சு, கட்டிக் கடையில போட்டுட்டு, புகையிலை வாசம் நோட்டுல ஏறிரக் கூடாதுன்னு கைய ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டு நாலு மணிக்கு உக்காருவா, ஆறு மணி வரைக்கும். தெனம் ரெண்டு மணி நேரம், வாரத்துக்கு அஞ்சு நாளு. பத்து. நான் தாளுல எழுதுன அந்தப் பத்து மணி நேரம் சரிதான், ஆளுதான் வேற. அந்த நூத்தி அறுபத்தெட்டுல பொய் சொல்லாத ஒரே வரி அதுதான், அதுவும் என்னோடது இல்ல. போன மாசம் மேடம் இந்த நோட்ட வகுப்புல தூக்கிக் காட்டி, "ஆவுடைச்செல்வி ரெண்டு டிகிரி படிக்கா, எப்படிச் சுத்தமா எழுதியிருக்கா பாருங்க, உங்களுக்கெல்லாம் என்ன சோலி"ன்னு கேட்டாங்க. நான் தலையக் குனிஞ்சேன். அடக்கம்னு நெனச்சிருப்பாங்க.

ஹிஸ்டரிய விட்டா அம்மாவுக்கு அந்தப் பத்து மணி நேரம் மிச்சம். அவளுக்கு இடுப்பு வலி, கழுத்து வலி, காலையிலருந்து குனிஞ்சே பீடி சுத்திட்டு மறுபடியும் குனிஞ்சு எழுதுதா. பாவம்லா. நான் என்ன பிள்ள? ஆனா அம்மாகிட்ட நான் கேக்கவே இல்ல, உனக்குக் கஷ்டமா இருக்கான்னு ஒரு தடவை கூடக் கேக்கல, கேட்டா ஆமான்னு சொல்லிருவாளோன்னு பயம். அவதான் கேப்பா. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும், "இன்னிக்கு என்னட்டி செஞ்சீங்க? என்ன கலர் வந்துச்சு?" நான் செருப்பக் கூடக் கழத்தியிருக்க மாட்டேன், "எம்மா, ரஃப் நோட்டுல இருக்கு, பாத்து எழுது, என்ன எதுன்னு கேட்டு உசுர எடுக்காத"ன்னுருவேன். அவ சரின்னு சோறு எடுத்து வைப்பா. பிளஸ் ஒண்ணுல அவ சயின்ஸ் குரூப்புதான், அரையாண்டுப் பரீட்சை எழுதிட்டு வந்தவளுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணிட்டாங்க. அத எங்கிட்ட அவ சொன்னதில்ல, பெரியம்மா ஒருநா பேச்சுவாக்குல சொன்னா. இத இப்போ எதுக்கு நெனைக்கேன்? இருபத்தொம்பது போயிட்டா. நேத்து சாயங்காலம் அம்மா நோட்ட பேப்பர்ல சுத்தி பையில வச்சுட்டா, நான் பிரிச்சே பாக்கல, இங்க வந்துதான் பேப்பரக் கிழிச்சேன். என்ன கேட்டாலும் தெரியும்னு சொல்லணுமா, மறந்துட்டேன்னு சொல்லணுமா? கையெழுத்து வித்தியாசம் கண்டுபிடிச்சா? பதினாலாவது எக்ஸ்பரிமெண்டு எது? அந்த ஊதாக் கலர் பெர்மாங்கனேட்டா? பெர்மாங்கனேட்டு பதிமூணா? முப்பது எந்திரிச்சுட்டா.

"முப்பத்தொண்ணு." நோட்ட வச்சேன், ஃபார்மையும் பக்கத்துல வச்சேன், வைக்க வேண்டாம்னு நெனச்ச கைதான் வச்சுது. மேடம் ஃபார்மப் பாத்துட்டு கண்ணாடிக்கு மேல என்னப் பாத்தாங்க. "உண்மையச் சொல்லட்டுமா? இதுல கையெழுத்துப் போட வேண்டாம்னுதான் நெனச்சிருந்தேன். இன்டர்னல் மார்க்கு அப்படி இருக்கு. நின்னுக்கிட்டே தூங்குத."  நோட்டப் புரட்டுதாங்க. ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, எட்டு. பதினொண்ணு. பதிமூணாவதுல நிறுத்திட்டாங்க. பக்கத்தக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போறாங்க. "இது என்ன?"ங்காங்க. சோலி முடிஞ்சுது. மாட்டிக்கிட்டேன், ஒய்யோட வாலு எங்கயோ நீண்டுருச்சு. "இதுக்குத்தான் கேக்கேன், இந்தப் பென்சில்ல எழுதியிருக்கது." பென்சிலா? நோட்ட எம்பக்கமாத் திருப்புனாங்க. மார்ஜினுக்கு வெளிய, ரொம்ப லேசா, அழிச்சிரலாம்னு எழுதி அழிக்க மறந்த மாதிரி, தமிழ்ல நாலு வரி. முதல் சொட்டு விட்டதும் கலர் போக இவ்வளவு நேரம் ஆகுது. அடுத்த சொட்டெல்லாம் உடனே போயிருது. எல்லாம் ஒரே மருந்துதானே. அப்போ முதல் சொட்டு அங்க என்ன செஞ்சு வச்சுட்டுப் போகுது?

மேடம் அந்த நாலு வரியையும் இன்னொரு தடவை வாசிச்சாங்க. பொறவு, "பதினெட்டு வருஷமா இந்த லேப்புல நிக்கேன். எல்லாப் பிள்ளையும் அந்த முதல் சொட்டப் பாக்கும், கலர் போற வரைக்கும் கதை பேசும், பொறவு ஊத்திட்டுப் போயிரும். முதல் சொட்டு என்ன செஞ்சு வச்சுதுன்னு ஒண்ணு கூடக் கேட்டதில்ல. இதுக்குப் பதில் தெரியுமா உனக்கு?" தெரியாது மேடம்னேன். "தெரியாட்டி என்ன. கேக்கத் தெரியுதுல்லா. பதினொண்ணு வாங்குனா வாங்கிட்டுப் போ, இப்படிக் கேக்குதவ ரெண்டென்ன, மூணு டிகிரி கூடப் படிப்பா." ஃபார்ம இழுத்துப் பேனாவத் தொறந்துட்டாங்க. சும்மா நில்லு, ஆவுடை. வாய மூடிட்டு நின்னாப் போதும், ஒரே ஒரு நொடி, மேல மாடிக்குப் போயிரலாம், சார் இருப்பாரு, போர்டு இருக்கும், மூணு வருஷமும் உனக்குத்தான். அம்மா என்ன கேஸா போடப் போறா? அவகிட்டருந்து பத்து மணி நேரம் எடுத்தவளுக்கு நாலு வரி எடுக்க என்ன கேடு. அவளுக்குத் தெரியவே தெரியாது. அவ கேட்டதுக்குப் பதிலும் அவளுக்குத் தெரியவே தெரியாது. நான் செருப்பக் கழத்தாம நின்னுக்கிட்டு, கேட்டு உசுர எடுக்காதங்கேன், அவ சரின்னு சோத்த எடுத்து வச்சுட்டு, கேக்க ஆளில்லாம இங்க வந்து, அழிச்சிரலாம்னு பென்சில்ல கேட்டிருக்கா.

"மேடம், அது எங்கம்மா கேட்டது." பேனா நின்னுது. "என்னது?" "நான் இல்ல மேடம். எங்கம்மா. முதல் எக்ஸ்பரிமெண்டு மட்டுந்தான் நான். மிச்சம் எல்லாம் எங்கம்மா எழுதுனது." பின்னால பானு, "ஏட்டி"ன்னு மூச்சுக்குள்ள சொல்லுதது கேக்குது. மேடம் முதல் பக்கத்தையும் பதிமூணாவது பக்கத்தையும் மாத்தி மாத்திப் பாக்குதாங்க. திட்டுவாங்கன்னு நிக்கேன், திட்டல, அதுதான் தாங்க முடியல. "உங்கம்மா என்ன படிச்சிருக்காங்க?" "பிளஸ் ஒண்ணு மேடம். பாதி." "என்ன வேலை?" "பீடி சுத்துதாங்க." நோட்ட மூடுனாங்க. "பதிமூணையும் நீ திரும்ப எழுதணும். உன் கையால. இல்லன்னா பிராக்டிகலுக்கு உள்ள விட மாட்டேன்." சரி மேடம். "அப்போ இந்த மணிக் கணக்கு பொய்யின்னு ஆயிட்டுல்லா?" ஆமா மேடம். "இதுல நான் என்னன்னு கையெழுத்துப் போட? நீயே சொல்லு."  ஃபார்ம நானே எடுத்துக்கிட்டேன். அவ்வளவுதான், முடிஞ்சுது, மத்தியானம் ரத்து. சங்கரபாண்டியன் சார்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுட்டுப் போவேன், காலையில இடம் பிடிச்சு வச்ச பையி வேற மேல ரூமுல கெடக்கு, எடுக்கப் போனா அவரு பாப்பாரு. கண்ணு முட்டிருச்சு. திரும்பி நடக்கப் போனேன். "எங்க போற? நில்லு"ன்னாங்க மேடம்.

டிராயரத் தொறந்து ஒரு வெள்ளத்தாளு எடுத்தாங்க. எழுத ஆரம்பிச்சாங்க, தமிழ்ல, இங்கிலீஷ் வார்த்தை வந்த இடத்துல நின்னு யோசிச்சு, அடிச்சு, தமிழாக்கி. முதல் சொட்டு கரையும்போது அதுலருந்து ஒண்ணு பிறக்குது, அதுதான் அடுத்த சொட்டுக்கெல்லாம் வேகத்தக் குடுக்குது, முதல்ல அது அங்க இல்ல, அதனாலதான் தாமதம்னு, படம் ஒண்ணு போட்டு, அம்புக்குறி போட்டு, முழுசா ஒரு பக்கம். பானுவும் முப்பத்திமூணும் நோட்டோட நிக்காங்க, ஒருத்தி மணி என்ன ஆவுதுன்னு முணுமுணுக்கா, மேடம் தலையத் தூக்கல. எழுதி முடிச்சு ஒரு தடவை வாசிச்சுப் பாத்தாங்க. "உங்கம்மா பேரு என்ன?" "சண்முகவடிவு மேடம்." தாளுக்கு மேல அந்தப் பேர எழுதி, கீழ தேதி போட்டு, ரெக்கார்டுல போடுத அதே கையெழுத்த முழுசாப் போட்டு, மடிக்காம எங்கிட்ட நீட்டுனாங்க. இன்னிக்கு அவங்ககிட்ட நான் வாங்குனது அந்த ஒரு கையெழுத்துதான்.